கோவையில் சிறு பிஆர் ஏஜென்சி: எண்ணெய், அரிசி, குளம் மூன்றும் வாடிக்கையாளர்கள். கட்டணம், ரிலீஸ், சான்று எப்படி?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. கோவையில் மூன்று பேர் நடத்தும் மக்கள் தொடர்பு ஏஜென்சி. உணவு, சுற்றுச்சூழல் இரண்டைத் தவிர வேறு வேலை எடுப்பதில்லை. இப்போது கையில் இருப்பது மூன்று வாடிக்கையாளர்கள்: மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் நிறுவனம், பாரம்பரிய அரிசி விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், குளங்களைச் சீரமைத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கும் அறக்கட்டளை.

நான்கு விஷயம் தெரியணும். மாதக் கட்டணத்தை எந்தக் கணக்கில் சொல்வது? "ரசாயனமே இல்லாதது", "சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்", "சூழலுக்கு உகந்தது" என்றெல்லாம் எழுதித் தரச் சொல்கிறார்கள், எதுவரை எழுதலாம்? தமிழ் நாளிதழ்களுக்கு ரிலீஸ் (பத்திரிகைச் செய்தி) போகிறது, அச்சில் வருவதில்லை, எங்கே தவறு? கடைசியாக, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று "பாத்திரம் கொண்டு வாங்க, எண்ணெய் வாங்கிட்டுப் போங்க" என்று எண்ணெய் நிறுவனமும் அறக்கட்டளையும் சேர்ந்து நிகழ்ச்சி வைக்க ஆசைப்படுகிறார்கள். இரண்டு பேரும் எங்களிடம் இருப்பவர்கள். சிக்கல் உண்டா?

லேபிள்_படிப்பவர்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் தேதி குறித்த வேலை அதுதான். அந்த நிகழ்ச்சியை இப்போதிருக்கும் வடிவத்தில் நடத்தாதீர்கள். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கக் கூடாது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விற்பனைத் தடை, கட்டுப்பாட்டு ஒழுங்குமுறைப்படி எண்ணெயை அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். மாநில அரசு அறிவிக்கை போட்டுக் குறிப்பிட்ட காலத்துக்கு விலக்கு தரலாம் என்று விதியில் இருக்கிறது. அப்படி ஓர் அறிவிக்கை கையில் இல்லாமல் மேடை போட்டு, நிருபர்களையும் கூப்பிட்டு, தூக்குவாளியில் எண்ணெய் ஊற்றுவது மீறலுக்கு நீங்களே படத்தோடு சாட்சி கொடுப்பதாகிவிடும். குப்பையைக் குறைக்கும் நல்ல எண்ணம்தான், ஆனால் கலப்பட எண்ணெயைத் தடுக்க வந்த விதி குறுக்கே நிற்கிறது. உணவும் சூழலும் சேரும் இடத்தில் இப்படி முட்டிக்கொள்ளும் விதிகள் நிறைய உண்டு.

வீட்டு எள்ளையும் நிலக்கடலையையும் கொண்டு வந்து ஆட்டிக்கொண்டு போகிறவர்கள் கதை வேறு. அங்கே செக்குக்காரர் வாங்குவது ஆட்டுக்கூலி. ஜூன் 5க்கு ஏதாவது வேண்டுமென்றால் திரும்பப் பெறும் கண்ணாடி பாட்டில் திட்டத்தை எடுங்கள். பாட்டிலுக்கு முன்பணம் வாங்கி, காலி பாட்டில் வந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஆலையில் கழுவி, மறுபடி நிரப்பி, மூடி முத்திரை போட்டு, புதுத் தொகுதி (பேட்ச்) எண்ணோடு லேபிள் ஒட்டணும். அறிவிப்பதற்கு முன் உலர்த்தும் இடத்தைப் போய்ப் பாருங்கள். பாட்டில் கழுத்தில் சொட்டு ஈரம் நின்றாலும் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், புகார் உங்கள் திட்டத்தின் மேல்தான் வரும். அறக்கட்டளையின் மேடையில் அரிசி, பருப்பைப் பாத்திரத்தில் அளந்து விற்பதற்கு எண்ணெய்க்கு இருக்கும் இந்தத் தடை கிடையாது.

இனி வாசகங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு சான்றுக் கோப்பு திறங்கள். நான்கு கட்டம் போதும்: வெளியே போகும் வாக்கியம், அதைத் தாங்கும் ஆவணம், ஆவணத்தின் தேதி, வாடிக்கையாளர் தரப்பில் ஒப்புக்கொண்டவர் கையெழுத்து. ஆவணம் இல்லாத வாக்கியம் ரிலீசிலும் போகாது, ரீல்சிலும் போகாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53வது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம், அடுத்தடுத்து 50 லட்சம் வரை போடலாம். ஆணையத்தின் 2022 வழிகாட்டுதலும் 2024 அக்டோபரில் வந்த பசுமைப் பூச்சு (சூழலுக்கு நல்லது என்று பொய்யாகவோ மிகையாகவோ காட்டுவது) பற்றிய வழிகாட்டுதலும் விளம்பர ஏஜென்சியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. வாடிக்கையாளர் சொன்னார், எழுதினோம் என்று ஒதுங்க வழியில்லை.

"ரசாயனமே இல்லாதது" என்ற வாக்கியத்துக்கு வாடிக்கையாளர் நீட்டும் ஆவணம் பெரும்பாலும் ஆய்வக அறிக்கைதான். அதை எப்படிப் படிப்பதென்று பாருங்கள். முதல் பக்கத்தில் மாதிரியை எடுத்தது யார் என்று இருக்கும். வாடிக்கையாளரே கொண்டு வந்து கொடுத்தது என்றிருந்தால், அந்தப் பொட்டலத்துக்கு மட்டுமே முடிவு பொருந்தும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தொகுதி எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடையில் விற்கும் அரிசிக்கும் அந்தக் காகிதத்துக்கும் தொடர்பே இல்லை. அடுத்து, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரை. முத்திரை இருந்தாலும் சில சோதனைகளுக்கு எதிரே நட்சத்திரக் குறி போட்டு, இவை அங்கீகார வரம்புக்கு வெளியே என்று குறித்திருக்கலாம். கடைசியில் முடிவுக் கட்டம். பூச்சிக்கொல்லிகளின் பட்டியலுக்கு எதிரே வரிசையாக பிஎல்க்யூ என்று இருக்கும். அதைப் பூஜ்யம் என்று படிக்கிறவர்கள்தான் அதிகம். அளந்து சொல்லக்கூடிய எல்லைக்குக் கீழே என்பதே அதன் பொருள். அந்த எல்லை பக்கத்துக் கட்டத்தில், பெரும்பாலும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று கொடுத்திருப்பார்கள். ஆகவே நீங்கள் எழுதக்கூடியது இவ்வளவுதான்: "இந்தத் தொகுதி அரிசியில் சோதித்த இத்தனை பூச்சிக்கொல்லிகளில் எதுவும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் அளவை எட்டவில்லை." எண்ணிக்கையை அறிக்கையில் எண்ணிப் போடுங்கள். கொஞ்சம் வறட்சியான வாக்கியம்தான், ஆனால் யார் கேட்டாலும் காகிதத்தைக் காட்டலாம்.

"சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்" வேண்டவே வேண்டாம். கருப்பு கவுனியோ காட்டுயானமோ எதுவானாலும், நோயைத் தடுக்கும், தீர்க்கும், குணமாக்கும் என்று உணவுக்குச் சொல்வதை 2018 விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குமுறை தடுக்கிறது. நார்ச்சத்தைச் சொல்லலாம். 100 கிராமில் 3 கிராம் இருந்தால் நார்ச்சத்து உள்ளது, 6 கிராம் இருந்தால் நார்ச்சத்து மிகுந்தது. அதே விதிகளில் "இயற்கை", "தூய", "பாரம்பரிய", "ஃப்ரெஷ்" என்ற சொற்களுக்குத் தனித்தனி நிபந்தனை உண்டு. கழுவுதல், தோலுரித்தல், நறுக்குதல், குளிர வைத்தல் போன்றவை தாண்டிப் பதப்படுத்திய எதையும் ஃப்ரெஷ் என்று சொல்ல முடியாது, ஆகவே ஆட்டிய எண்ணெய் ஃப்ரெஷ் ஆகாது. "பாரம்பரிய" என்ற சொல் தலைமுறை தலைமுறையாகப் பெரிய மாற்றமில்லாமல் வரும் செய்முறைக்கு. மரச்செக்குக்கு அது பொருந்தும், ஆனால் அதே ஆலையில் இரும்பு எக்ஸ்பெல்லரும் (அழுத்திப் பிழியும் இயந்திரம்) ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். "கொலஸ்ட்ரால் இல்லாத கடலை எண்ணெய்" என்பதையும் தொடாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது, உங்கள் எண்ணெயில் மட்டும் இல்லை என்ற தோற்றம் வரும்.

ஆர்கானிக் என்று எழுத என்பிஓபி (தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம்) சான்றோ, உழவர் குழுக்களே ஒருவரையொருவர் சரிபார்க்கும் பிஜிஎஸ் இந்தியா சான்றோ வேண்டும். ஆண்டுக்கு 12 லட்சத்துக்கு மிகாமல் நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அவர் ஆர்கானிக் உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைப் போட முடியாது. "சூழலுக்கு உகந்தது" என்று மொட்டையாக எழுதினால் 2024 வழிகாட்டுதலில் மாட்டும். எந்தப் பாகம், எந்த வகையில் என்று கூடவே சொல்லணும். பாட்டில் கண்ணாடி, லேபிள் காகிதம், மூடி உலோகம் என்று எழுதினால் வாசகருக்கே புரிந்துவிடும். ஆதாரத்தை க்யூஆர் குறியில் வைக்கலாம். பிளாஸ்டிக் உறைக்காகச் சட்டப்படி கட்டாயமாகச் செய்யும் இபிஆர் (தன் உறைக் கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்பது) வேலையைச் சேவை மாதிரி எழுதாதீர்கள். சட்டக் கடமையைத் தியாகமாகக் காட்டுவது தெரிந்த நிருபருக்கு உடனே உறுத்தும்.

டெஸ்க்_இரவுப்பணி:

ரிலீஸ் ஏன் வரலைன்னு கேட்டிருக்கீங்க. முதல் காரணம் ரொம்பச் சாதாரணம்: எழுத்துரு. பாமினியிலயோ வானவில்லயோ அடிச்சு பிடிஎஃப் ஆக்கி அனுப்பினா, டெஸ்க்ல (செய்தியைத் திருத்துற பிரிவுல) காப்பி பண்ணி ஒட்டும்போது கிறுக்கலா வரும். மறுபடி தட்டச்சு செய்ய யாருக்கும் நேரம் கிடையாது. யூனிகோடில், வேர்டு கோப்பா அனுப்புங்க. அதே செய்தியை மெயில் உடம்பிலும் ஒட்டுங்க. தலைப்புக் கட்டத்தில "பத்திரிகைச் செய்தி"ன்னு போடாம, ஊர் பேரும் விஷயமும் போடுங்க.

இரண்டாவது, இங்கிலீஷ்ல எழுதி மொழிபெயர்த்த வாசம். "நிலைத்தன்மை வாய்ந்த விவசாய நடைமுறைகளை ஊக்குவிக்கும் வகையில்"னு ஆரம்பிச்சா, உதவி ஆசிரியர் மூணாவது சொல்லுக்கு மேல போகமாட்டார். எந்த ஊர், எத்தனை விவசாயி, என்ன ரகம், எத்தனை ஏக்கர், என்ன விலை. இது முதல் இரண்டு வாக்கியத்துக்குள்ள வந்துடணும். மூட்டைக் கணக்கு சொல்லாதீங்க, மூட்டை எடை இடத்துக்கு இடம் மாறும். கிலோ, குவிண்டால்ல சொல்லுங்க. மொத்தம் 200லிருந்து 250 சொல். நிர்வாக இயக்குநர் "மகிழ்ச்சி அடைகிறோம்"னு சொன்னதை எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா ஒரு விவசாயி விதைநெல் எங்கிருந்து வாங்கினார், அறுவடைக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்ற ஒரு வரி வையுங்க. அவர் சம்மதத்தோட அவர் நம்பரை நிருபருக்குக் கொடுங்க. நிருபர் வயலுக்குப் போயிட்டா உங்க ரிலீஸ் சின்ன பிட் செய்தியிலிருந்து கட்டம் கட்டின பாக்ஸ் செய்தி ஆகும், சில சமயம் அரைப்பக்கம் ஆகும்.

படம் ரண்டு போதும். வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா சுருங்கிடும், டாக்குமென்டா அனுப்புங்க. அகலம் 1600 பிக்சலுக்குக் குறையாம இருக்கணும். கேப்ஷன்ல இடமிருந்து வலமா பேர், பதவி, ஊர், எடுத்த தேதி. பேரைத் தமிழ்ல எப்படி எழுதுறதுன்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதுங்க, தவறான இனிஷியலுக்கு வர்ற போன்தான் மாவட்டப் பதிப்புல அதிகம்.

நேரம்: பிரஸ் மீட் காலை 11 மணிக்கு, மெட்டீரியல் மதியம் 3 மணிக்குள்ள. சாயங்காலம் அஞ்சுக்கு மேல போன் போட்டு "வருமா சார்"னு கேட்காதீங்க, அது பக்கம் கட்டுற நேரம். ஒரு தடவை, முற்பகல்ல கூப்பிட்டுக் கேட்டா போதும். தாலுகா நிருபர் மூலமா போனா அவர் பேர் வர்ற மாதிரி அவருக்குத் தனி விவரம் ஒண்ணு கொடுங்க, எல்லாருக்கும் ஒரே பத்தியைத் தள்ளாதீங்க. பசுமை விகடன் மாதிரி மாதமிருமுறை இதழ்களுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே பேசணும். அங்கே ரிலீஸ் எடுபடாது. சாகுபடிச் செலவு, வரவு கணக்கோட ஒரு விவசாயியைக் காட்டணும்.

பருவத்தையும் பாருங்க. மேட்டூர் அணை ஜூன் 12ல் திறக்கிறது வழக்கம், அதையொட்டி டெல்டா முழுக்க குறுவை பேச்சுதான். விதை, பாரம்பரிய ரகம் பத்தின செய்திக்கு அந்தச் சமயத்துல இடம் தானா வரும். அரிசியைப் பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி அனுப்பினா ஐம்பது பேரோட நிக்கணும், மார்கழி முதல் வாரத்துல அனுப்புங்க. ஜூன் 5ம் அப்படித்தான். அன்னைக்கு மரக்கன்று நடுற படம் எல்லா ஊர்லருந்தும் வரும். போன வருஷம் நட்டதுல எத்தனை பிழைச்சுதுன்னு எண்ணி, மரத்தோட படமும் சேர்த்து மே கடைசியில அனுப்பினா நிச்சயமா படிப்பாங்க.

சூழல் அமைப்போட பிரஸ் மீட்டுக்கு ஒரு விஷயம். பின்னாடி பிளெக்ஸ் பேனர், மேசை மேல வரிசையா சின்ன தண்ணி பாட்டில், பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்புல டீ. போட்டோகிராபர் முதல்ல எடுக்கிற படம் அதுதான். 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டுல தடையில இருக்கிற பொருள்ல அந்தக் கப்பும் ஒண்ணு. துணி பேனர், சில்வர் டம்ளர், மண்பானை அல்லது கேன். கழுவ ஆள் ஒருத்தரையும் சேர்த்துச் செலவுக் கணக்கு போடுங்க.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. எண்ணெய் ஊற்றும் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டேன், பாட்டில் திட்டத்தைப் பேசுகிறோம். ரெண்டு சந்தேகம். பிரஸ் மீட்டுக்கு வரும் நிருபர்களுக்குக் "கவர்" (உறையில் பணம்) கொடுக்கணும் என்று வாடிக்கையாளரே சொல்கிறார், எப்படி மறுப்பது? யூடியூப் சமையல்காரர்களுக்குப் பணம் கொடுக்காமல் எண்ணெய் மட்டும் அனுப்பினால் அறிவிக்கத் தேவையில்லைதானே?

டெஸ்க்_இரவுப்பணி:

கவர் கொடுக்காதீங்க. செய்திக்காக நிருபர் பணமோ பரிசோ வாங்கக் கூடாதுங்கிறது பிரஸ் கவுன்சில் நெறிமுறையிலயே இருக்கு. வாடிக்கையாளர்கிட்ட இப்படிச் சொல்லுங்க: கவர் கொடுத்தா நாலு பேர் பிட் செய்தி போடுவாங்க, உண்மையிலேயே விவசாயம் எழுதுற ஒருத்தர் அடுத்த தடவை வரவே மாட்டார். கொடுக்க வேண்டியது வயலுக்குப் போய்வர வண்டி, மதியச் சாப்பாடு, எல்லாக் காகிதத்தோட நகல். காசு கொடுத்து இடம் வேணும்னா விளம்பரப் பிரிவுக்குப் போய் அட்வர்டோரியல் (செய்தி மாதிரி எழுதின விளம்பரம்) வாங்குங்க, அது விளம்பரம்னு போட்டே வரணும்.

எண்ணெய் மட்டும் அனுப்பினாலும் அது பலன்தான். இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம் எல்லாமே அறிவிக்க வேண்டிய தொடர்பு. வீடியோ தமிழ்ல இருந்தா அறிவிப்பும் தமிழ்ல, ஆரம்பத்துலயே, வீடியோ மேலேயே இருக்கணும். கீழே விவரக் குறிப்புல ஹாஷ்டேக் கூட்டத்துக்குள்ள ஒளிச்சு வைக்கிறது கணக்குல வராது. அவர் தன் வாயால "சர்க்கரை இறங்கிடுச்சு"ன்னு சொல்லிட்டா அதுவும் உங்க விளம்பரம்தான், அதனால சொல்லக் கூடாத வாக்கியங்களை எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் பாட்டிலை அனுப்புங்க.

கணக்கேடு:

கட்டணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பக்கத்து ஏஜென்சி எவ்வளவு வாங்குகிறது என்று பார்த்து விலை சொல்லாதீர்கள். உங்கள் மணிக்கு என்ன விலை என்று முதலில் கண்டுபிடியுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: இரண்டு ஊழியர் 35,000, 28,000, உங்கள் சம்பளம் 50,000, வாடகை 15,000, போன், பயணம், மென்பொருள், ஆடிட்டர் 22,000. மாதம் 1,50,000. மூன்று பேர், ஆளுக்கு 160 மணி என்றால் 480 மணி. அதில் வாடிக்கையாளர் பெயரில் எழுதக்கூடியது 270 மணிக்கு மேல் தேறாது. மீதி புது வாடிக்கையாளரைத் தேடுவது, வசூல், படிப்பு, காத்திருப்பு. 1,50,000ஐ 270ஆல் வகுத்தால் மணிக்கு 556 ரூபாய் அடக்கம். கால் பங்கு சேர்த்து 700 என்று வையுங்கள். மாதம் 40 மணி நேர வேலைக்கு 28,000.

இந்த 28,000த்துக்குள் என்ன அடங்கும் என்பதை எண்ணாலேயே எழுதுங்கள். இரண்டு ரிலீஸ், ஒரு வயல் பயணம், நாலு சமூக ஊடகப் பதிவு, சான்றுக் கோப்பு பராமரிப்பு, ரிலீஸ் ஒன்றுக்கு இரண்டு திருத்தம். பிரஸ் மீட் தனிக் கட்டணம். நெருக்கடி வேலைக்கு மணிக் கணக்கு, ஒன்றரை மடங்கு. உணவு வாடிக்கையாளரிடம் இந்த நெருக்கடி வரியை விட்டுவிட்டால், ஒரு புகார் வரும் வாரத்தில் மூன்று மாத லாபமும் போய்விடும். சான்று சரிபார்க்கும் நேரத்தைக் கட்டணத்தில் சேர்க்காமல் விடுவதுதான் இந்த இரண்டு துறைகளிலும் நஷ்டத்துக்கு முதல் வழி. அறிக்கைக்காகவும் ஆதாரத்துக்காகவும் அலைவது ரிலீஸ் எழுதுவதைவிட அதிக நேரம் தின்னும்.

வரி. வாடிக்கையாளர் ஆறு பேராகி, 28,000 வீதம் என்றால் ஆண்டுக்கு 20,16,000. சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், 18 சதவீதம். பில் 33,040. அவர்கள் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால், அது 28,000 மேல்தான், 2,800. கைக்கு வருவது 30,240, அதில் 5,040 உங்கள் பணம் இல்லை. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அதைக் கட்டணும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். அதனால் மாத ஆரம்பத்தில் பில் போட்டு, முன்கூட்டியே வாங்கும் வழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிவது) இலவசம், இன்றே செய்யுங்கள், எண்ணை பில்லில் அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் தரணும். தவறினால் வாங்கியவர் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வரியில் கழிக்க முடியும். 2023 நிதிச் சட்டம் 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாகச் சேர்த்த விதி அது. பிப்ரவரியில் அவர்களுடைய கணக்காளருக்கு இதை நினைவூட்டி ஒரு மெயில் போட்டால் மார்ச் 31க்குள் பாக்கி நகரும். அறக்கட்டளையிடம் இந்த வழி அவ்வளவாகச் செல்லாது. அங்கே பில் எந்தத் தலைப்பில் போகும் என்று வேலைக்கு முன்பே கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடைப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மக்கள் தொடர்பு பில் அந்தத் தலைப்பில் விழுந்தால் ஆண்டுக் கடைசியில் இடமிருக்காது. பெரிய நிறுவனம் எதுவும் அறக்கட்டளைக்கு சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) பணம் தந்து மேடையில் தன் சரக்கையும் விற்கப் பார்த்தால் எச்சரியுங்கள். விற்பனைப் பயன் கருதித் தரும் ஸ்பான்சர் பணம் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது.

மாத அறிக்கையில் "இவ்வளவு சென்டிமீட்டர் செய்தி, விளம்பரமாகப் போட்டிருந்தால் இத்தனை லட்சம்" என்று எழுதாதீர்கள். மக்கள் தொடர்புத் துறையே 2010 பார்சிலோனா கோட்பாடுகளில் அந்த அளவுகோலை ஒதுக்கிவிட்டது. செய்தி வந்த வாரம் எத்தனை கடை விசாரித்தது, எத்தனை பேர் விதைநெல் கேட்டார்கள், எத்தனை பாட்டில் திரும்பி வந்தது. அதை எழுதுங்கள்.

அலையாத்தி:

இரண்டு தரப்பும் ஒரே ஏஜென்சியில் இருப்பது பற்றி ஒரு வார்த்தை. சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சியால் சண்டை வராது. அறக்கட்டளை ஒரு குளத்துக் கழிவுநீர் பற்றிப் புகார் கொடுத்து, கழிவு வந்த வாய்க்காலில் உங்கள் உணவு வாடிக்கையாளரின் ஆலையும் இருந்தால்தான் வரும். முன்கூட்டியே இரண்டு ஒப்பந்தத்திலும் எழுதுங்கள்: இப்படி நேர்ந்தால் அந்த விஷயத்தில் இருவருக்கும் வேலை செய்யமாட்டோம், ஒருவர் காகிதம் மற்றவருக்குப் போகாது, இன்ன இன்ன வாடிக்கையாளர்கள் எங்களிடம் இருக்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியும். புது ஆள் ஒருவரைச் சேர்க்கும்போது ஆலை எந்த நீர்நிலைக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை நடப்பில் இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

மாசு பற்றி ரிலீஸ் எழுதும்போது "இந்த ஆலைதான் காரணம்" என்று நீங்கள் தீர்ப்பு எழுதாதீர்கள். இன்ன தேதியில் இன்ன இடத்தில் எடுத்த நீர், இன்ன ஆய்வகம், இன்ன அளவு, வாரியம் இன்ன தேதியில் அனுப்பிய நோட்டீஸ் என்று காகிதம் பேசட்டும். சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வில் வழக்கு இருந்தால், தாக்கல் ஆன மனுவையும் வந்த உத்தரவையும் தாண்டி எதுவும் சொல்ல வேண்டாம். வக்கீல் ஒருமுறை படித்த பிறகுதான் அனுப்பணும்.

பறவைக் கணக்கெடுப்புச் செய்தியில் அடிக்கடி நடக்கும் தவறு, போன ஆண்டு 48 இனம், இந்த ஆண்டு 62 இனம், குளம் செழித்தது என்று எழுதுவது. போன ஆண்டு இரண்டு பேர் ஒரு மணி நேரம் பார்த்து, இந்த ஆண்டு பத்துப் பேர் நாலு மணி நேரம் பார்த்திருந்தால் கூடியது பார்த்த நேரம் மட்டுமே. எத்தனை பேர், எத்தனை மணி, என்ன தேதி என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இனங்களின் எண்ணிக்கையும் பறவைகளின் எண்ணிக்கையும் தலைப்பில் மாறிப்போகும், இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதினால் குழப்பம் குறையும். கூடு இருக்கும் மரம் எங்கே என்று படத்திலோ கேப்ஷனிலோ தெரியக் கூடாது, படக் கோப்பிலிருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள். குஞ்சு பொரிக்கும் காலத்தில் நிருபர் கூட்டத்தைக் கரைக்கு அழைத்துப் போகாதீர்கள். தூரத்திலிருந்து எடுத்த பழைய படத்தை, எடுத்த தேதி போட்டுக் கொடுங்கள்.

நொய்யல்கரை:

உணவுப் பாதுகாப்பு அதிகாரி எண்ணெய் மாதிரி எடுத்துச் சென்று, அது சோதனையில் தோற்றால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள். எண்ணெய்க்காரருக்கு அந்தப் பயம் இருக்கிறது.

லேபிள்_படிப்பவர்:

அதிகாரி மாதிரியை நான்கு பாகமாகப் பிரிப்பார். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம் இருப்பு, நான்காவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நிறுவனம் அந்த இடத்திலேயே கேட்கலாம். கேட்கத் தெரியாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், இப்போதே சொல்லி வையுங்கள். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தரணும். முடிவு பாதகமாக இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு; ஏற்றால் இருப்பில் உள்ள பாகம் மைசூரு சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற பரிந்துரை ஆய்வகத்துக்குப் போகும்.

அறிக்கையில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். தரம் குறைந்தது, தவறான லேபிள், பாதுகாப்பற்றது மூன்றும் வேறு வேறு குற்றம், வேறு வேறு தண்டனை. லேபிளில் ஒரு விவரம் விட்டுப்போனது "கலப்பட எண்ணெய்" என்று தலைப்பாகிவிடக் கூடாது, அதற்காக அறிக்கையின் அந்த வரியை அப்படியே நிருபருக்குக் காட்டுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பாட்டிலை வெளிச்சம் படாத அலமாரியில் காலாவதி தேதி வரை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

பாதுகாப்பற்றது என்று வந்தால் வாதம் பேச நேரமில்லை, அந்தத் தொகுதியைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறணும். முதல் போன் கடைக்காரர்களுக்கு, அடுத்தது நிருபர்களுக்கு. நீங்கள் வெளியிடும் அறிவிப்பில் நாலே விஷயம் இருந்தால் போதும்: தொகுதி எண், தயாரித்த தேதி, எத்தனை பாட்டில் வெளியே போனது, எங்கே கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். "போட்டியாளர் சதி", "தவறான தகவல் பரப்புகிறார்கள்" என்பதை வாடிக்கையாளர் சேர்க்கச் சொல்வார், சேர்க்காதீர்கள். இந்த அறிவிப்பை வெற்றிடங்கள் விட்டு இப்போதே தயார் செய்து, முதலாளி, ஆலை மேலாளர், உங்கள் ஆள் மூன்று பேர் போனிலும் வைத்துவிடுங்கள். தொகுதி எண் பாட்டிலில் எந்த இடத்தில் அச்சாகியிருக்கிறது என்று காட்டும் படம் ஒன்றும் அதோடு இருக்கட்டும். எண்ணெய் வாங்கிப்போய் வீட்டில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு அந்தப் படம்தான் தேவைப்படும்.